பள்ளிக்கு வராத பிள்ளையை யார் தேடுகிறார்கள்?

சிங்கப்பூர்க் குடிமகனான ஒரு பிள்ளை, சேர வேண்டிய வயதில் தொடக்கநிலை ஒன்றில் சேரவில்லை என்றால் அது கல்வி அமைச்சின் கண்ணில் பட்டுவிடும். கடிதம் வரும், தொலைபேசி அழைப்பு வரும், தேவைப்பட்டால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார்கள். 2000இல் இயற்றப்பட்டு 2003 ஜனவரியில் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் அப்படி. தகுந்த காரணமின்றிப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. அந்தத் தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரு பிள்ளை வரவில்லை என்பது இங்கே யாரோ ஒருவருக்குத் தெரிகிறது. தெரிந்தவர், ஏன் வரவில்லை என்று போய்க் கேட்கிறார்.

உலகின் பெரும்பகுதியில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. யுனெஸ்கோ 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளையர்களும் 272 மில்லியன் பேர். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையைப்போல் ஏறத்தாழ 45 மடங்கு. இதில் 78 மில்லியன் பேர் தொடக்கப்பள்ளி வயதினர், 64 மில்லியன் பேர் கீழ் உயர்நிலை வயதினர், மீதி 130 மில்லியன் பேர் மேல் உயர்நிலை வயதினர். அதாவது வெளியே நிற்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மேல் உயர்நிலை வயதினர். இவ்வளவுக்கும் 2015இல் உலக நாடுகள் கூடி, 2030க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசத் தொடக்க, உயர்நிலைக் கல்வி கிடைக்கச் செய்வோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

தடைகள் என்னென்ன என்று கேட்டால் வறுமை, போர், பெண்ணாகப் பிறந்தது, மொழி, உடற்குறை, தூரம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் ஒரே அளவு வறுமை உள்ள இரண்டு ஊர்களில், ஒன்றில் பிள்ளைகள் பள்ளியில் நிலைக்கிறார்கள், மற்றதில் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று துருவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. வராத பிள்ளை குடும்பத்தின் குற்றமாகப் பார்க்கப்படுகிறதா, பள்ளியின் வேலையாகப் பார்க்கப்படுகிறதா என்பதுதான் அந்த இடம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

கட்டணம் போன பிறகும் மிஞ்சும் செலவு

முதலில் பணம். மலாவி 1994இலும் உகாண்டா 1997இலும் கென்யா 2003இலும் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கின. அந்த நாடுகளில் பள்ளிக்கூடங்கள் நிரம்பி வழிந்தன. கென்யாவில் ஒரே ஆண்டில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். கிமானி மருகே என்ற முதியவர் 2004இல், தம் 84ஆவது வயதில், சீருடை போட்டுக்கொண்டு முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைப் பருவத்தில் கிடைக்காத எழுத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள், கட்டணம் என்ற ஒற்றைக் கதவு திறந்ததும் நின்ற வரிசையைப் பார்த்து வாயடைத்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லாரும் நிலைக்கவில்லை என்பது கதையின் அடுத்த பாதி. ஆசிரியர்கள் அதே எண்ணிக்கை, அறைகள் அதே எண்ணிக்கை. மலாவியில் ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகளுக்குமேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கட்டணம்தான் போனதே தவிர சீருடை, காலணி, நோட்டுப்புத்தகம், தேர்வுக்குக் கட்டும் பணம், பெற்றோர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகை எல்லாம் அப்படியே இருந்தன. உலகம் முழுவதும் கல்விக்குச் செலவாகும் தொகையில் சுமார் 30 விழுக்காட்டைக் குடும்பங்களே தம் பையிலிருந்து கொடுக்கின்றன என்பது யுனெஸ்கோவின் கணக்கு. ஏழை நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். பணக்கார நாட்டுப் பெற்றோரைவிட ஏழை நாட்டுப் பெற்றோர் தம் அரசாங்கத்தோடு ஒப்பிடும்போது அதிகமாகச் சுமக்கிறார்கள்.

இது நமக்கு அந்நியமான செய்தி இல்லை. கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவரிடம் சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன், பாதியில் நிற்கும் வீடு, அப்புறம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஜூன் மாதம் ஊரில் பள்ளி திறக்கும் நேரத்தில் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) பணம் அனுப்பும் கடைகளில் நிற்பவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் ‘பையனுக்கு ஃபீஸ் கட்டணும்’ என்பதே பதிலாக வரும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை, சாப்பாடு, மேல்நிலை வகுப்புக்கு வந்தால் மிதிவண்டி என எல்லாம் கிடைக்கும். இருந்தும் இவர்கள் தங்குவிடுதியில் செலவைச் சுருக்கி ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறார்கள். அதை வீண் பெருமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலம் தெரியாத காரணத்தால் வெயிலில் நிற்கும் ஒருவர், மகன் அப்படி நிற்கக் கூடாது என்று நினைப்பதில் தவறு என்ன? ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் குடும்பத்தை இங்கே கூட்டி வர முடியாது. பிள்ளையின் படிப்புக்காகவே அப்பா பிள்ளையைவிட்டு விலகி வாழ்கிறார். வீட்டுப் பணிப்பெண்களாக வரும் தாய்மார்கள் கதையும் இதுதான், இன்னும் கூடுதல் வலியோடு. எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தச் செலவு ஏறுவதில்லை.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் இது வேறு உருவத்தில் உண்டு. குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணம் கிடையாது. இதர கட்டணம் மாதம் 13 வெள்ளியைத் தாண்டாது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதுவும் தள்ளுபடியாகி, பாடநூலும் சீருடையும் கிடைக்கும். ஆனால் 2023இல் எடுக்கப்பட்ட குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி துணைப்பாட வகுப்புக்கு மட்டும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவழித்திருக்கின்றன. ஐந்தாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 1.4 பில்லியன். வகுப்பில் பாதிப் பேர் துணைப்பாடத்தில் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால், போகாத பிள்ளைக்கு அந்தப் பாடம் புரியாத வேகத்தில்தான் நடக்கும்.

பணத்தடையின் இன்னொரு பக்கம், பிள்ளை பள்ளிக்குப் போனால் வீடு இழக்கும் கூலி. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யுனிசெஃப்பும் 2025இல் சொன்ன கணக்கின்படி குழந்தைத் தொழிலாளர்கள் 138 மில்லியன் பேர். பெரும்பாலோர் இருப்பது வயலில், தொழிற்சாலையில் அல்ல. சொந்தக் குடும்பத்து நிலத்தில் வேலை செய்யும் பிள்ளையைச் சோதனை அதிகாரி பிடிக்க முடியாது. இங்கே பலன் தந்தது பிடிப்பதல்ல, ஈடுகட்டுவது. பங்களாதேஷ் 1994 முதல் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலையில் உதவித்தொகை கொடுத்தது. முக்கால்வாசி நாள் வகுப்புக்கு வர வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகளில் சில. மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம். உயர்நிலையில் படிப்பது பெண் என்றால் கொஞ்சம் கூடுதலாக. வறுமையில் இருக்கும் தாய் தன் பிள்ளையின் நலனை அறியாதவள் என்ற எண்ணத்தை இந்தத் திட்டங்கள் பொய்யாக்கின.

வயிறு

பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து தலையில் ஏறாது. இதைப் புரிந்துகொண்டு காரியத்தில் இறங்கியதில் தமிழர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் வருகை குறைவாக இருந்ததுதான் காரணம். அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு மாநிலம் தழுவிய திட்டமாக எழுந்தது. ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் அவர் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்க, போனால் யார் சோறு போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அது நடந்தபடியே சொல்லப்படுகிறதோ இல்லையோ, அதில் உள்ள கேள்வி உண்மையானது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று, அரசாங்கப் பணத்தோடு ஊர்மக்களின் அரிசியையும் பருப்பையும் சேர்த்து அடுப்பை எரிய வைத்தார்.

1982 ஜூலையில் எம்ஜிஆர் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோது, கஜானா தாங்காது என்று பொருளியல் வல்லுநர்கள் பலர் எதிர்த்தார்கள். 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கையில் அரிசியாகக் கொடுப்பதற்கும் பள்ளியில் உட்கார வைத்துப் பரிமாறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த உத்தரவு சரியாகப் பிடித்திருந்தது. வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் சாப்பிடுவது அதன் இன்னொரு பயன். அங்கங்கே அதற்கு எழுந்த எதிர்ப்பே அது எவ்வளவு தேவை என்பதைக் காட்டியது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு காலை உணவையும் சேர்த்தது. மதிய உணவு இருக்கும்போது காலை உணவு எதற்கு என்று கேட்பவர்கள், விடியுமுன் வயல்வேலைக்கோ ஆலைக்கோ போகும் அம்மாக்கள் இருக்கும் வீடுகளைப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரும் இதே வழியில் நடந்த ஊர்தான் என்பது பலருக்கு மறந்துவிட்டது. போர் முடிந்த பஞ்சகாலத்தில், 1947இல், இங்குள்ள சமூகநலத் துறை பிள்ளைகளுக்கான உணவு நிலையங்களைத் திறந்தது. பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வந்த பிள்ளைகளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் சில நிலையங்களில் தொண்டூழியர்கள் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் நிதி உதவி பெறும் மாணவர்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இலவசமாகச் சாப்பிடலாம். மற்றவர்கள் கட்டணம் தட்டும் அதே அட்டையைக் கொண்டே அவர்களும் வாங்கும்படி செய்திருக்கும் பள்ளிகளைப் பாராட்ட வேண்டும். எது இலவசம், எது காசு என்று பக்கத்தில் நிற்கும் நண்பனுக்குத் தெரியாது.

வயிற்றுக்குள் இருக்கும் தடை பசி மட்டுமல்ல. மேற்குக் கென்யாவில் மைக்கேல் கிரேமரும் எட்வர்டு மிகேலும் நடத்திய ஆய்வில், பள்ளியிலேயே குடற்புழு மாத்திரை கொடுத்தபோது பிள்ளைகள் வராத நாள்கள் கால்வாசி குறைந்தன. கிரேமருக்கு 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முடிவின் அளவைப் பற்றிப் பின்னால் விவாதங்கள் எழுந்தாலும், புழு இருக்கும் வயிற்றோடு படிக்கச் சொல்வது அநியாயம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

புரியாத மொழியில் முதல் வகுப்பு

உலகில் பத்தில் நான்கு பேருக்குத் தாங்கள் பேசும், புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் எழுத்தையும் கற்க வேண்டும், அந்த எழுத்து எந்த மொழியில் இருக்கிறதோ அதையும் கற்க வேண்டும். ஆசிரியர் சொல்வதைத் திருப்பிச் சொல்லத் தெரியும், பொருள் தெரியாது. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2022இல் மதிப்பிட்டது. கொவிட்டுக்கு முன் அது 57 விழுக்காடு. பள்ளிக்கு வருகிற பிள்ளைகளும் இதில் அடக்கம். வகுப்பறையில் உட்கார்ந்திருந்தும் வராத பிள்ளைகள் இவர்கள்.

சிங்கப்பூர் இந்தத் தடையில் நன்றாக அடிபட்ட நாடு. அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் கொடுத்த அறிக்கை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசாத மொழியில் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதைப் பின்னடைவுக்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாகக் கண்டது. தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்களில் பெரும்பங்கினர் பத்தாண்டுக்குப் பின் கையில் உருப்படியான தேர்ச்சி எதுவும் இல்லாமல் வெளியேறினார்கள். அதற்கு மருந்தாக மாணவர்களைத் தரம் பிரித்தார்கள். பள்ளியைவிட்டு நின்றவர்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. தாழ்ந்த பிரிவில் போடப்பட்ட பிள்ளை அந்தப் பெயரைத் தோளில் சுமந்ததும் உண்மை. 2024இல் உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டதை நான் மனதார வரவேற்கிறேன். நாற்பதாண்டுகள் அதிகம்.

தமிழர்கள் இதில் ஒரு தனிக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. எழுத்தறிவு பரவ வேண்டும் என்று இங்கே தமிழ்ப் பள்ளிகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகளும் சிறு வணிகர்களும்தான். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் பிடிக்கப் பாடுபட்டார். அப்போதே வேலைச் சந்தை ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ்வழியில் படித்து முடித்த இளையருக்கு மேற்படிப்பும் வேலையும் எட்டாத தூரத்தில் இருந்தன. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். 1982இல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டபோது கடைசித் தமிழ்ப் பள்ளியும் போனது. மாறிய பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. விளைவு, எண்பதுகளின் முடிவில் இந்திய மாணவர்களின் தேர்ச்சி, குறிப்பாகக் கணிதத்தில், தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தது. இதை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையில் பிறந்ததுதான் 1991இல் தொடங்கிய சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் மத்திய சேம நிதி வழியாகப் பிடிக்கப்படும் சிறு தொகை அங்கே போகிறது. அந்தப் பணத்தில் குறைந்த செலவுத் துணைப்பாட வகுப்புகளும் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைச் சந்திக்கும் பணியும் நடக்கின்றன. வகுப்பைவிட எனக்கு வீட்டுச் சந்திப்புதான் முக்கியமாகத் தெரிகிறது. துணைப்பாடம் தேவைப்படும் பிள்ளையின் அம்மா விண்ணப்பப் படிவத்தைத் தேடி வரமாட்டார். அவரைத் தேடித்தான் போக வேண்டும்.

தமிழ்நாடு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அதைத்தான் பெரிய அளவில் செய்தது. கொவிட்டால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே மறந்த நேரம். உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் தெருவிலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். இழந்த கற்றலில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் சில மாதங்களில் மீட்டார்கள். அந்த மீட்சியில் சுமார் கால்வாசி இந்த வகுப்புகளால் வந்தது என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே நேரத்தில் உகாண்டாவில் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2022 ஜனவரி வரை முழுமையாகத் திறக்கவில்லை. பல பிள்ளைகள் கல்லுடைக்கவும் கடையில் நிற்கவும் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகள் பலர் தாயாகிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது மடிக்கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இரவல் கொடுத்தன. ஈரறை வாடகை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் மடிக்கணினி வந்தாலும் உட்கார இடம் வராது என்பதும் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

காகிதம், எல்லை, தடையுத்தரவு

சில இடங்களில் தடை கண்ணுக்கு நேராகவே நிற்கிறது. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பர் முதல் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குமேல் படிக்க முடியாது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும், 2024 டிசம்பரில் தாதியர், மருத்துவச்சி பயிற்சிக் கதவும் மூடின. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடக் கூடாது என்றும் சில மாகாணங்களில் சொல்லிவிட்டு, பெண்ணை மருத்துவம் படிக்கவும் விடாத நாட்டில் பிரசவம் யார் பார்ப்பது? 2 மில்லியனுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளின் வாழ்க்கை இதில் அடைபட்டிருக்கிறது. இங்கே பெற்றோரை மாற்றச் சொல்லவோ உதவித்தொகை கொடுக்கவோ எதுவும் இல்லை. அரசே பூட்டுகிறது.

மற்ற இடங்களில் பெண் பிள்ளையின் தடை சின்னச் சின்னதாக வரும்: கழிப்பறை இல்லாதது, மாதவிடாய் நாள்கள், மூன்று கிலோமீட்டர் தனிவழி. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தபோது அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பள்ளி தூரத்தில் இருந்த ஊர்களில்தான் அதிகம். தான்சானியா, கர்ப்பமான மாணவி பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்ற தடையை 2021 நவம்பரில்தான் நீக்கியது. நம் பாட்டிமார் தலைமுறையில், வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க வைத்தது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் நடந்ததுதானே.

அப்புறம் காகிதம். யுனிசெஃப் கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 150 மில்லியன் பிள்ளைகளின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. பதிவாகாத பிள்ளை வராவிட்டால், வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் ரொஹிங்யா உள்ளிட்ட அகதிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக அரசுப் பள்ளியில் இடம் இல்லை. தொண்டு அமைப்புகள் கடைவீட்டு மாடியில் நடத்தும் கற்றல் நிலையங்களே அவர்களுக்குப் பள்ளி. அங்கே பிறந்து வளர்ந்தும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத இந்தியப் பிள்ளைகள் உண்டு. தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பதிவு இல்லாமல் போனது பேரனின் பள்ளிச் சேர்க்கைவரை துரத்துகிறது. இலங்கையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் மலையகத் தோட்டப் பள்ளிகள் பல காலம் அதற்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் பறிபோன மக்களின் பிள்ளைகளுக்காக யார் வாதாடுவார்கள்? எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கும்வரை பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் சில வகுப்புகளோடு முடிந்துவிட்டன. தேயிலைக் கொழுந்து பறிக்க அதற்குமேல் தேவையில்லை என்ற நினைப்பு.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறிய தமிழ் அகதிகளின் பிள்ளைகளைத் தமிழ்நாடு தன் அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டது. அதே புத்தகம், அதே சத்துணவு. இந்தியாவும் மலேசியாவைப்போலவே 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுதான். உடன்படிக்கை இல்லாமலும் பள்ளிக் கதவைத் திறக்கலாம் என்பதற்கு முகாம்களில் வளர்ந்து பொறியாளர்களாகவும் தாதியர்களாகவும் ஆனவர்களே சான்று. உலகில் பள்ளி வயது அகதிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்று பள்ளியில் இல்லை.

உடற்குறையும் கற்றல் குறையும் உள்ள பிள்ளைகள் உலகில் சுமார் 240 மில்லியன். சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம்கூட, கூடுதல் தேவை உள்ள பிள்ளைகளை 2019இல்தான் உள்ளே கொண்டுவந்தது. முதல் பதினாறு ஆண்டுகள் அவர்கள் விலக்குப் பட்டியலில் இருந்தார்கள். பெற்றோர் அலைந்து திரிந்து சிறப்புக் கல்விப் பள்ளிகளில் இடம் தேடினார்கள். அந்தத் தாமதத்துக்கு நல்ல நியாயம் எதையும் நான் கேட்டதில்லை.

சட்டம் முடிகிற இடம்

நம் ஊரில் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒவ்வோர் ஆண்டு மாணவர் தொகுதியிலும் சுமார் 5 விழுக்காட்டினர் உயர்நிலையை முடிக்காமல் நின்றார்கள். இன்று அது 1 விழுக்காட்டுக்கும் கீழே. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் இது இறங்கியது. வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர், குடும்பச் சேவை நிலையத்தின் சமூகப் பணியாளர், சிண்டா போன்ற அமைப்பின் தொண்டூழியர் என்று பலர் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பின்தொடர்வதால் இறங்கியது. வசதி குறைந்த மாணவர்களுக்காக 2018இல் அமைக்கப்பட்ட ‘அப்லிஃப்ட்’ பணிக்குழு, நீண்ட நாள் வராத மாணவர்களையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது.

அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லும் காரணங்களில் சோம்பல் அரிதாகத்தான் வரும். அம்மா இரவு நேரத் துப்புரவு வேலை முடித்துக் காலையில் வந்து தூங்குகிறார், தம்பியைப் பாலர் பள்ளிக்கு அனுப்பப் பெரியவள் நிற்கிறாள். அப்பா சிறையில். விவாகரத்துக்குப் பின் இரண்டு வீட்டுக்கும் நடுவே அலையும் பிள்ளைக்குப் பள்ளி ஒரு மணிநேரத் தூரம். வகுப்பில் கேலிக்கு ஆளானவன் காலையில் வயிற்றுவலி என்கிறான், வலி உண்மையாகவே வருகிறது. ஒரு வாரம் போகாவிட்டால் பாடம் விட்டுப்போகும், விட்டுப்போனதால் அடுத்த வாரம் போகக் கூச்சம். நம் சமூகத்தில் இந்தக் கட்டத்தில் உறவினர்கள் ‘அவனுக்குப் படிப்பு ஏறலை, வேலைக்கு அனுப்பு’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பதினான்கு வயதில் வழங்கப்படும் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது, பெரும்பாலும் மலிவாகவே. தம்பியை விடுவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். பள்ளி முடிந்து மாணவர் பராமரிப்பு நிலையத்தில் ஓர் இடம். முதல் இரண்டு வாரம் காலையில் புளோக்குக்கு வந்து கூட்டிப் போக ஓர் ஆள். ஆனால் காரணம் என்ன என்று தெரிய, வராத மூன்றாம் நாளே யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால் பிள்ளை உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பான், கையில் காசு பார்த்தவனைத் திருப்புவது கடினம்.

கட்டாயக் கல்வியை உயர்நிலைக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் தொடக்கநிலைச் சட்டத்தோடு கூடவே வந்த கதவு தட்டும் ஆட்களும் அதோடு வர வேண்டும், அபராதம் மட்டும் வந்தால் ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கடன்தான் சேரும். அந்தச் சட்டம் குடிமக்களின் பிள்ளைகளை மட்டுமே பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பெற்றோரில் ஒருவர் சிங்கப்பூரராக இருந்தும் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள், நீண்டகால வருகை அட்டையில் இங்கேயே வளர்ந்து தமிழ் பேசும் பிள்ளைகள், இடம் இருந்தால்தான் சேரலாம், கட்டணமும் பல மடங்கு என்ற நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக் காலை வகுப்புக்கு வராவிட்டால், தேடிப் போகக் கடமைப்பட்டவர் என்று சட்டத்தில் இன்று யாரும் இல்லை.